இளங்குதிரைக்குத் தரைப் பயிற்சி: உழுத காடா, வட்டப் பட்டியா?

ஜூன் 4, தாராபுரம் வாசகரின் கேள்வி

சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவார் பெண்குதிரைக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. கயிற்றைப் பிடித்து நடத்தினால் நம்மை இடித்துக்கொண்டு முன்னால் போகிறது. நிறுத்தினால் தலையைத் தூக்கி இழுக்கிறது. பின்னங்காலைத் தொடவே விடுவதில்லை. முன்பு வண்டிக் குதிரை பழக்கிய எங்கள் ஊர்ப் பெரியவர், உழுத காட்டில் ஓடவிட்டுக் களைக்க வைத்தால் தானாக வழிக்கு வரும் என்கிறார். என் மகன் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வட்டமாகப் பட்டி அமைத்து அதற்குள் விரட்டினால் குதிரை நம் பின்னாலேயே வரும் என்கிறான். இந்தப் புதிய முறைகளெல்லாம் வெளிநாட்டுக் குதிரைகளுக்குத்தான் பொருந்தும், நம் குதிரைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஜூன் 4, இரவு

பெரியவர் சொல்வதும் உங்கள் மகன் சொல்வதும் எதிரெதிர் வழிகள்போலத் தோன்றினாலும் அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான்: ஓடவிட்டு அடக்குவது. ஒன்று உழுத காட்டில் நடக்கிறது, மற்றது வேலிக்குள் நடக்கிறது. களைத்த குதிரை நிற்கும்; ஆனால் தன்னிடம் என்ன கேட்டார்கள் என்பது அதற்குத் தெரிந்திருக்காது. மறுநாள் கொள்ளும் தண்ணீரும் உள்ளே போய்த் தெம்பு வந்ததும் பழைய குணம் அப்படியே திரும்பும். நாள்தோறும் ஓடிய குதிரைக்கு மூச்சுரம் கூடுவதால், அடுத்த முறை அதைக் களைக்க வைக்க முன்னைவிட நெடுநேரம் பிடிக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக் குதிரை, நம் குதிரை என்ற பிரிவை நான் ஏற்கவில்லை. கத்தியவாரும் மார்வாரியும் சுருக்கென்று உணரும் இனங்கள் என்பது உண்மை. அதனாலேயே அவற்றிடம் முரட்டுக் கை எடுபடாது; நுட்பமான கை விரைவாக எடுபடும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

குதிரை எந்த நொடியில் கற்றுக்கொள்கிறது என்பதுதான் இந்த விவாதத்தின் அடித்தளம். கயிற்றை இழுக்கும்போது அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. இழுத்த கயிறு தளரும் நொடியில், அதற்குச் சற்று முன்பு தான் என்ன செய்தோமோ அதைக் கற்றுக்கொள்கிறது. உங்கள் குதிரை தலையைத் தூக்கி இழுக்கும்போது, தாங்க முடியாமல் நீங்கள் கயிற்றை விட்டுக்கொடுக்கிறீர்கள் அல்லவா? தலையைத் தூக்கினால் கயிறு தளரும் என்ற பாடம் அதற்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. நாள்தோறும் நீங்கள் அதற்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்; வேண்டாத பாடத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குதிரைமேல் ஏறாமல் தரையில் நின்றபடியே பழக்குவதுதான் தரைப் பயிற்சி. இன்று உலகெங்கும் பேசப்படும் அதன் புதிய முறைகள் பலவற்றுக்கு வேர் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளில் இருக்கிறது. ஓரிகன் மாநிலத்து டாம் டோரன்ஸ் (1910–2003), அவரைப் பின்பற்றிய ரே ஹன்ட் ஆகியோர் குதிரையின் எலும்பை முறிப்பதுபோல் பழக்கிய வழக்கத்தை விட்டு, குதிரைக்குப் புரியும் அளவில் கேட்டு, புரிந்த நொடியில் விடுவது என்ற நெறியை வளர்த்தார்கள். மாடு மேய்க்கக் குதிரையை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். காங்கயம் மாடு வளர்க்கும் ஒரு குடியானவருக்கு அவர்களுடைய சிந்தனை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

முதல் பாடமாக, ஓரடி பின்வாங்கச் சொல்லிக்கொடுங்கள். இடித்துக்கொண்டு முன்னால் போகும் குதிரைக்கு இதுவே மருந்து. தலைக்கயிற்றை மட்டும் போடுங்கள், கடிவாளம் வேண்டாம். குதிரையின் தலைக்கு இடப்பக்கம் நின்று, முகவாய்க்குக் கீழே ஒரு சாண் விட்டுக் கயிற்றைப் பிடித்து, அதன் நெஞ்சை நோக்கி மெல்ல அழுத்துங்கள். இழுத்து ஆட்ட வேண்டாம். அழுத்தத்தை ஒரே அளவில் வைத்துக் காத்திருங்கள். முதலில் அது தலையைத் தூக்கும், பிறகு கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பும், ஒருவேளை உங்களை நோக்கி வரவும் பார்க்கும். இவை எதற்கும் அழுத்தத்தைக் குறைக்காமலும் கூட்டாமலும் நில்லுங்கள். அதன் பிறகு மிகச் சிறிய ஒரு மாற்றம் நிகழும்: முன்னங்கால்களில் இருந்த பாரம் பின்னால் சாயும், தோள்பட்டைத் தசை இறுகும், ஆனால் குளம்பு இன்னும் தரையை விட்டு எழுந்திருக்காது. அந்தச் சாய்வுக்கே கயிற்றை முழுதாக விட்டுவிட வேண்டும். குளம்பு எழும்வரை காத்திருந்தால் பாதிப் பாடம் வீணாகிவிடும்.

விட்ட பிறகு சும்மா நில்லுங்கள். தட்டிக்கொடுக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். குதிரை கண்ணை இமைத்து ஒரு நெடுமூச்சு விடும். அதற்குப் பிறகு மறுபடி கேளுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை கேட்கும்போது அழுத்தம் பாதியாகக் குறைந்திருப்பதை உங்கள் விரலே உணரும். அது குறையவில்லை என்றால் நீங்கள் விடுவது தாமதமாகிறது என்று பொருள்.

ஜூன் 9

பல்லடத்திலிருந்து ஒருவர், தன் வீட்டுக் காளைகளையும் குதிரையையும் ஒரே கையால்தான் பழக்குவதாகவும், காளை படிவதுபோல் குதிரை படியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இது நம் பகுதிக்கே உரிய சிக்கல் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

காளைக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது. மூக்கின் நடுத்தண்டு வழியாகப் போகும் அந்தக் கயிற்றை லேசாகத் தொட்டாலே காளைக்குச் செய்தி போய்விடும். அதனால் மாடு பிடித்துப் பழகிய கை கயிற்றை எப்போதும் சற்று விறைப்பாகவே வைத்திருக்கும். அந்த விறைப்பே காளையைக் கட்டுப்படுத்தப் போதுமானது. குதிரையின் தலைக்கயிறு அப்படிப்பட்டதன்று. அது மூக்கெலும்பின் மேலும் காதுகளுக்குப் பின்னால் உள்ள உச்சியிலும் படிகிறது. அங்கே எந்நேரமும் ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருந்தால் குதிரை சில நாள்களில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும், அல்லது அதன் மேல் தன் பாரத்தைச் சாய்க்கத் தொடங்கும். நடத்திப் போகும்போது கயிறு தொங்க வேண்டும். கேட்கும் நேரத்தில் மட்டும் இறுக வேண்டும்.

ஆனாலும் நல்ல மாட்டுக்காரரிடம் குதிரைக்காரர் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஏரில் புதுக் காளையைப் பூட்டும்போது பழைய காளையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். குரல் கொடுத்ததும் பழையது நகரும், புதியது கூடவே நகரும், இரண்டும் நகர்ந்ததும் உழவர் குரலை நிறுத்திவிடுவார். அந்த நிறுத்தல்தான் பாடம். தொடர்ந்து அதட்டிக்கொண்டே போகும் உழவரின் காளைகள் அவர் குரலைக் காற்றுபோல் கடந்துபோவதை நம் காடுகளில் எவரும் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 10

கயிற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. பன்னிரண்டடி நீளமுள்ள பருத்திக் கயிறு போதும். நைலான் கயிறு குதிரை இழுக்கும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். எந்தக் கயிற்றையும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்துப் பிடியுங்கள். வட்டமாகச் சுற்றவிடும் பயிற்சிக்குப் பன்னிரண்டடி போதாது, குறைந்தது இருபத்தைந்தடி வேண்டும்.

ஜூன் 17

வட்டப் பட்டியைப் பற்றித் தாராபுரம் வாசகரின் மகன் மறுபடியும் கேட்கிறாராம். நியாயமான கேள்வி, ஏனென்றால் அந்தக் காட்சி உண்மையிலேயே மனத்தைக் கவரக்கூடியது. ஏறக்குறைய அறுபதடி விட்டமுள்ள வட்டத்துக்குள் குதிரையை விரட்டுகிறார்கள். அது ஓடி ஓடி, ஒரு காதை மனிதன் பக்கம் திருப்பி, தலையைத் தாழ்த்தி, வாயை மென்று நக்குகிறது. மனிதன் முதுகைக் காட்டித் திரும்பியதும் அவன் பின்னால் நடந்து வருகிறது. குதிரை அவனைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது என்று விளக்கம் தருகிறார்கள். அமெரிக்கரான மான்டி ராபர்ட்ஸ் இம்முறையை உலகறியச் செய்தார்.

இந்த விளக்கத்தை ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிய சோதனையால் ஆராய்ந்தார்கள். மனிதனுக்குப் பதிலாக, ரிமோட்டால் இயங்கும் பொம்மைக் காரைப் பட்டிக்குள் விட்டார்கள். குதிரை விலகி ஓடியபோது கார் துரத்தியது. குதிரை காரை நோக்கித் திரும்பியபோது கார் நின்றது. கொஞ்ச நேரத்தில் குதிரைகள் அந்தக் காரை நோக்கித் திரும்பி நடக்கவும் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரை எந்தக் குதிரையும் தலைவனாக ஏற்க முடியாது. துரத்தல் நின்ற நொடி எது என்பதைத்தான் அவை கற்றுக்கொண்டன. ஜூன் 5இல் நான் எழுதிய, அழுத்தத்தை விட்டுவிடும் அதே விடுப்புதான் இங்கும் வேலை செய்கிறது. அச்சத்தோடு கலந்து வேலை செய்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

வாயை மெல்வதும் நக்குவதும் அடங்கியதன் அடையாளம் என்ற நம்பிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதர் கைபடாமல் திரியும் குதிரைகளைக் கவனித்தவர்கள், பதற்றத்திலிருந்து தளர்வுக்கு மாறும் வேளையில் இந்த அசைவு வருவதைக் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால், அடிக்கடி வாயை மெல்லும் குதிரை அடிக்கடி பதறியிருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

பட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடைப்புள்ள இடம் பாதுகாப்பானது. ஆனால் அதற்குள் விரட்ட வேண்டாம். நடையில் மட்டும் வேலை செய்யுங்கள். மூன்று வயதுக் குதிரையைச் சிறு வட்டத்தில் நெடுநேரம் ஓடவிட்டால் முன்னங்கால் மூட்டுகள் தேயும். இன்னொன்று: கொரங்காட்டின் (வேலியடைத்த மேய்ச்சல் காட்டின்) மூலையைப் பட்டியாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழுக்கட்டைப் புல் படர்ந்த தரை குளம்புக்கு மிகவும் நல்லது. ஆனால் கிளுவை வேலி முள்ளுள்ளது. அது மேயும் மாட்டைத் தடுக்க வளர்த்தது, பயந்து பாயும் குதிரைக்கு ஏற்றதன்று. வேலிக்கு உள்ளே ஆறடி தள்ளி, கண்ணுக்குத் தெரியும்படி சவுக்குக் கம்புகளைக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஜூன் 18

நான் பெரியவரை மதிக்காமல் எழுதிவிட்டதாகக் கோபியிலிருந்து ஒருவர் வருந்தியிருக்கிறார். ஓடவிட்டுக் களைக்க வைக்கும் ஆலோசனையைத்தான் மறுத்தேன். அந்தப் பெரியவரிடம் இன்றைய காணொளிகளில் காணக் கிடைக்காத ஓர் அறிவு இருக்கக்கூடும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜட்கா வண்டிக்குக் குதிரை பழக்கியவர்கள் முதலில் வண்டியைப் பூட்ட மாட்டார்கள். இரண்டு நீளக் கயிறுகளைக் குதிரையின் இரு பக்கமும் விட்டு, பின்னால் பத்தடி தள்ளி நடந்தபடி, ஊர்ப் பாதையில் நாள்கணக்கில் ஓட்டிப் போவார்கள். திரும்பவும் நிற்கவும் அப்படியே பழகும். பிறகு ஒரு மரக்கட்டையை இழுக்க விட்டு, பின்னால் வரும் சத்தத்துக்குப் பழக்குவார்கள். வண்டி வருவது அதற்குப் பிறகுதான். ஐரோப்பாவின் பயிற்சிக் கூடங்களில் நீள்கயிற்றுப் பயிற்சி என்று தனிப் பாடமாகக் கற்பிப்பது ஏறக்குறைய இதையேதான். எங்கள் வீட்டில் இருந்த செவலைக் குதிரையை என் பாட்டனார் காங்கயம் சாலையில் அப்படி நடத்திப் போனதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். கயிறு அதன் விலாவில் படும்போது தோல் சிலிர்க்கும். அவர் அப்படியே நின்றுவிடுவார். சிலிர்ப்பு அடங்கிய பிறகே அடுத்த எட்டு. ஒரு ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டும் உயிர் அது. அதன் விலாவை உதைத்தும் சவுக்கால் அடித்தும்தான் செய்தி சொல்ல முடியும் என்று நாம் எப்படி நம்பினோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஜூன் 30

ஆனி பிறந்ததிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளைப் போட்டு அலைக்கழிக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குதிரைக்கு அந்தக் காற்றே பாதி எதிரி. மணம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது, காதுக்கு எட்டும் ஒலிகளெல்லாம் குழம்பிப்போகும். காற்று மிகுந்த மாலைகளில் புதுப் பாடம் எதையும் தொடங்காதீர்கள். விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம் வாசகர் இந்த வாரம் எழுதியது: பின்வாங்கும் பாடம் நன்றாக வந்துவிட்டது, கயிறு தொங்க நடக்கிறது, ஆனால் காற்றாலை இருக்கும் பக்கம் போனால் வெறித்து நின்று திரும்பி ஓடப் பார்க்கிறது.

காற்றாலையை விட அதன் நிழலைத்தான் அது அஞ்சுகிறது என்று நினைக்கிறேன். வெயில் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் இறக்கையின் நிழல் நீண்டு, தரையில் ஓடிவந்து குதிரையின் காலடியைக் கடந்து போகும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும் தவிர, சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். தரையில் ஓரத்தில் அசையும் எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. புல்லுக்குள் பதுங்கி வரும் வேட்டை விலங்கைக் கண்டு ஓடிப் பிழைத்த இனத்துக்கு இந்த அச்சம் இயல்பானது. அதை அடித்துப் போக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். நிழலை நோக்கி நடத்திப் போங்கள். எந்த இடத்தில் இரண்டு காதுகளும் விறைத்து முன்னால் நிற்கின்றனவோ, அந்த இடத்திலேயே நீங்களாக நின்றுவிடுங்கள். குதிரை நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதன் கழுத்து ஓர் அங்குலம் தாழ்ந்ததும், அல்லது ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியதும், நீங்களே அதைத் திருப்பி அப்பால் நடத்திப் போய்விடுங்கள். அமைதியாக நின்றதற்கு விலகல் பரிசாகக் கிடைக்கிறது. திரும்பி வரும்போது அது தானே இன்னும் இரண்டு எட்டு முன்னால் போயிருக்கும். கத்தியவாருக்கும் மார்வாரிக்கும் நுனி உள்நோக்கி வளைந்த காதுகள் இருப்பதால் அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பது தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரியும். இந்த இனங்களை வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த பேறு அது. இடக்கண்ணுக்குப் பழக்கியதை வலக்கண்ணுக்கும் தனியாகப் பழக்குங்கள். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்றாலும், அந்த நரியும் பனங்காட்டிலேயே பிறந்து வளர்ந்ததால்தான் அஞ்சாமல் இருக்கிறது.

ஜூலை 2

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. நிழலுக்கு அருகே போகும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, கயிற்றை இறுக்கி, நிழலையே உற்றுப் பார்த்தால் குதிரை உங்களைப் பார்த்தே பயந்துவிடும். ஜெர்மனியில் 1904இல் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. ஆஸ்கர் பிஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து, கேள்வி கேட்டவரின் தலை அசைவைக் கண்டுதான் அது சரியான எண்ணிக்கையில் குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் நிறுவினார். கேட்டவருக்கே தன் தலை அசைந்தது தெரியாது. அவ்வளவு நுண்ணிய அசைவைப் படிக்கும் உயிரிடம் நம் அச்சத்தை மறைக்க இயலாது. மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, நிழலுக்கு அப்பால் ஒரு மரத்தைப் பார்த்தபடி நடங்கள்.

ஜூலை 12

பின்னங்கால். இதை இவ்வளவு நாள் தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு: முன்னே சொன்னவை கைவராமல் பின்னங்காலுக்குப் போவது ஆபத்து. அதற்கும் முன்னால், வலி ஏதேனும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். குளம்பிலோ முழங்காலிலோ வலி இருந்தால் எந்தப் பயிற்சியும் நியாயமாகாது. கடிவாளத்துக்குத் தலையை உதறும் குதிரைகளுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சிறிய பல் ஒன்று முளைத்திருக்கக்கூடும். இரும்பு அதில் இடிக்கும்போது வலிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல்களால் சொறிந்து தொடங்குங்கள். குதிரைகள் தமக்குள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அந்த இடத்தில் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை 1993இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மேலுதடு நீண்டு துடிக்கத் தொடங்கினால் சரியான இடத்தில் சொறிகிறீர்கள் என்று பொருள். பிறகு, நான்கடி மூங்கில் கோலின் நுனியில் பழைய துணியைச் சுற்றி, தோள் அருகிலேயே நின்றபடி, முதுகு, இடுப்பு, தொடை என்று வருடிக்கொண்டே போங்கள். காலை உதறினால் கோலை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் உதறலுக்குப் பரிசு கொடுத்ததாகும். உதறல் நின்று குளம்பு தரையில் ஊன்றியதும் எடுங்கள். கோலுக்கு அசையாமல் நின்ற பிறகு கை. கைக்கு நின்ற பிறகு, காலைத் தூக்கி, அது இழுப்பதற்கு முன் நீங்களே இறக்கி வைப்பது. லாடம் அடிப்பவர் வந்து நிற்கும் நாளில்தான் பலர் முதன்முதலாகக் குதிரையின் காலைத் தூக்குகிறார்கள். அவருக்கும் அது நல்லதன்று, குதிரைக்கும் நல்லதன்று.

தீனியைப் பரிசாகக் கொடுக்கக் கூடாதா என்று கோபி வாசகர் முன்பு கேட்டபோது, கடிக்கப் பழகிவிடும் என்று தயங்கினேன். அவர் தன் அனுபவத்தை விரிவாக எழுதிய பிறகு என் கருத்து மாறுகிறது. கோலைக் கண்டாலே நடுங்கும் குதிரைக்கு, அழுத்தமும் விடுப்பும் என்ற வழி எவ்வளவு மென்மையாகச் செய்தாலும் அச்சத்தின் மேல் இன்னோர் அழுத்தமாகிவிடுகிறது. அத்தகைய குதிரைக்கு, காலை ஊன்றி நின்றதும் ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு கொடுப்பதே நல்ல வழி. கையில் வைத்து நீட்டாமல், தட்டத்தில் போட்டு, அதன் தலை நேராக முன்னோக்கி இருக்கும்போது கீழே வையுங்கள். அப்படிக் கொடுத்தால் கையைத் தேடி மோப்பம் பிடிக்கும் பழக்கம் வராது என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஜூலை 13

தீனியோடு பழக்கும் முறையில், சரியாகச் செய்த நொடியைக் குறிக்க ஒரு சிறு சொடுக்கொலி பயன்படுத்துவது மேல்நாட்டு வழக்கம். சிலர் அதற்கு நாவால் சொடுக்குகிறார்கள். நம் ஊரில் குதிரையைக் கிளப்புவதற்கே நாவால் சொடுக்குவோம். ஒரே ஒலி போகவும் நிற்கவும் பொருள்பட்டால் குதிரை குழம்பிப்போகும். "சரி" என்ற சொல்லையே ஒரே தொனியில் சொல்லிக் குறித்துவிடலாம்.

ஜூலை 28

அந்தியூர்ச் சந்தை நெருங்குகிறது. புதுக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்குத் தரைப் பயிற்சியின் கண்ணோடு ஒரு வேண்டுகோள்.

அங்கே கொட்டுக்கு ஏற்ப ஆடும் குதிரைகளைப் பார்ப்பீர்கள், அசையாமல் நிற்கும் குதிரைகளையும் பார்ப்பீர்கள். அசையாமல் நிற்பதெல்லாம் அமைதி ஆகாது. காலைக் கட்டிச் சாய்த்தும், தலையை உயரக் கட்டிவைத்தும் அடக்கிய குதிரை, எதைச் செய்தாலும் விடுதலை இல்லை என்று அறிந்த பிறகு முயல்வதையே விட்டுவிடுகிறது. அந்த நிலையும் பார்வைக்குச் சாதுவாகவே தோன்றும். வேறுபாட்டை அருகில் நின்று பார்த்தால் காணலாம். அமைதியான குதிரையின் காதுகள் சுற்றிலும் உள்ள ஒலிகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும், கீழுதடு தளர்ந்திருக்கும், நீங்கள் நகர்ந்தால் கண் உங்களைத் தொடரும். முயற்சியைக் கைவிட்ட குதிரையின் காதுகள் பக்கவாட்டில் உறைந்திருக்கும், கண் திறந்திருந்தும் எதையும் பார்க்காது, கண்ணுக்கு மேல் தோல் மடிந்து முக்கோணமாக நிற்கும், வால் ஒட்டிக் கிடக்கும்.

வாயையும் திறந்து பாருங்கள். நாக்கிலும் கடைவாயிலும் தழும்பு இருந்தால், அதை முள் கடிவாளம் போட்டுப் பழக்கியிருக்கக்கூடும். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்துள்ளன. அறுபது ஆண்டு ஆகியும் அது கடைகளில் தொங்குவதைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. அந்த வாயோடு வரும் குதிரைக்கு நெடுங்காலம் வெறும் தலைக்கயிற்றிலேயே வேலை கொடுங்கள்.

ஆகஸ்ட் 19

தாராபுரத்திலிருந்து நல்ல செய்தி: லாடம் அடிப்பவர் வந்து நான்கு காலையும் பார்த்துப் போயிருக்கிறார், குதிரை ஒருமுறைதான் காலை இழுத்ததாம். பெரியவரே நீள்கயிறு பிடித்துப் பின்னால் நடக்கிறார் என்பதும், மகன் முன்னால் நடந்து காற்றாலைப் பக்கம் வழிகாட்டுகிறார் என்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி.

இனி ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்காலுக்கு மேல் உள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு இரண்டரை வயது வாக்கில் மூடிவிடும்; முதுகெலும்பில் உள்ளவை ஐந்து வயதைக் கடந்த பிறகே முழுதாக மூடும். ஆகவே இந்த ஆண்டு சேணத்தை மட்டும் வைத்து, வயிற்றுப்பட்டையை ஒவ்வொரு துளையாக இறுக்கி, நீள்கயிற்றில் நடத்துங்கள். அங்கவடிகள் (ஏறுபவர் கால் வைக்கும் வளையங்கள்) தொங்கி விலாவில் தட்டுவதற்குப் பழகட்டும். எடை குறைந்த ஒருவர் சற்று நேரம் ஏறி நடையில் மட்டும் போவதை நான்கு வயதில் பார்க்கலாம்.

காலையில் தீனி வைக்கும்போது மட்டும் அது பழையபடி இடிக்கிறது, அந்த வேலை உங்கள் தாயாருடையது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பாடம் அவரிடமும் போய்ச் சேர வேண்டும். குதிரைக்கு வாளி தரையைத் தொடும் நொடியைவிடப் பெரிய பரிசு அன்றைக்கு வேறு இல்லை. அது இடிக்கும்போதே வாளி இறங்கினால், நீங்கள் மாலையில் கற்பித்ததெல்லாம் மறுநாள் காலையில் கரைந்துபோகும். வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, பின்வாங்கச் சொல்லி நீங்கள் சொல்லும் அதே சொல்லை அவரும் சொல்லட்டும். குதிரை ஓரடி பின்னால் போய் நின்ற பிறகு வாளியைக் கீழே வைக்கட்டும். முதல் சில நாள் நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், வயதானவர் தனியாக இதைச் செய்ய வேண்டாம்.